சல்லிசா ஒரு பிளேடு குடுங்கண்ணே!

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது நிஜமாகவே பிளேடு. இரும்பை வெட்டுகிற பிளேடு. "காமர்ஸ் படிக்கிறவனுக்கும் கட்டிங் வீலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் கடைசி வரை வாசிக்கவும். சொல்லப்போனால் மெக்கானிக்கல் பசங்களைவிட காமர்ஸ் பசங்களுக்குத்தான் இதில் அதிக சம்பந்தம் இருக்கிறது :-)

எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் காலையில் பத்து நிமிடம் நின்றால் இந்த வசனம் காதில் விழும். "அண்ணே, பதினாலு இஞ்ச் வீலு ரெண்டு... சல்லிசா இருக்கறதா பாத்துக் குடுங்க." கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், காசு கைமாறும், வியாபாரம் முடிந்தது. என்ன வெட்டப் போகிறாய்? ஸ்கொயர் ட்யூபா, கெட்டி ராடா, அலுமினியமா, எஸ்.எஸ்.ஸா? தகடு எத்தனை மில்லி? மெஷின் எத்தனை ஆர்.பி.எம்.? யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. தீபாவளிக்கு ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்கி, சாயம் போகுமா, சுருங்குமா, பார்டர் தங்குமா என்று இருபது கேள்வி கேட்கிற ஊர் இது. நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று வரைக்கும் சுற்றப்போகிற, ஒரு மனிதனின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கப்போகிற பொருளுக்கு மட்டும் ஒரே கேள்வி. எவ்வளவு?

அந்தக் கேள்வியே தப்பு. பிளேடு எவ்வளவு என்பது கேள்வி அல்ல, ஒரு வெட்டு எவ்வளவு என்பதுதான் கேள்வி. இது புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஏனென்றால் நம்மூர்ப் பட்டறைகளில் பிளேடை வாங்குகிறவர் அதைக் கையில் பிடிப்பதில்லை. பிடிக்கிறவர் வாங்குவதில்லை. சண்டையே இந்த ஒரு இடத்தில்தான்.

டெய்லரை மனப்பாடம் செய்தவர்கள் கவனத்துக்கு

பி.காம். மேலாண்மைக் கோட்பாடுகள் பாடத்தில் எஃப்.டபிள்யூ. டெய்லர் என்று ஒருவர் வருவார். 'அறிவியல் மேலாண்மையின் தந்தை'. பத்து மார்க் கேள்வியில் எத்தனையோ பேரைக் கரையேற்றிய புண்ணியவான். நேர ஆய்வு, அசைவு ஆய்வு, துண்டு வீத ஊதியம் என்று வரிசையாக எழுதிவிட்டு வந்துவிடலாம். அடுத்த செமஸ்டரில் மறந்தும் விடலாம்.

பெரும்பாலான நோட்ஸில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்த மனிதர் ஏறத்தாழ 26 வருடங்களைச் செலவழித்தது, இரும்பை எந்தக் கருவியால் எந்த வேகத்தில் வெட்டுவது என்கிற கேள்விக்கு. 1880 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் ஆரம்பித்தார். எழுதிவைத்த சோதனைகள் மட்டும் 30,000-க்கும் 50,000-க்கும் இடையில். அதற்காகச் சீவித் தள்ளிய இரும்பு 8 லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது 360 டன். வெட்டுகிற இடத்தில் தாராளமாகத் தண்ணீரை ஊற்றினாலே வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாம் என்பது அவர் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தது. 1906-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் இதையெல்லாம் ஒரு தடிப் புத்தக அளவுக்கு எழுதி வாசித்தார். பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் மான்சல் ஒயிட்டோடு சேர்ந்து டெய்லர் உருவாக்கிய முறையில் பதப்படுத்திய கருவி எஃகுதான் 1900-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய் உலகத்தை வாய்பிளக்க வைத்தது. ஹைஸ்பீடு ஸ்டீல். இன்றைக்கு பிளேடு மேல் 'எச்.எஸ்.எஸ்.' என்று அச்சடித்திருக்கிற மூன்று எழுத்து அதுதான்.

டெய்லர் சொன்னதன் சாரம் இது. ஒரு வெட்டில் 12 விஷயங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்தப் பன்னிரண்டையும் மனக்கணக்கில் வைத்துச் சரியான வேகத்தை ஊகிக்க யாராலும் முடியாது. கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

தொழிலாளியை யோசிக்கவே விடாமல் ஆக்கியவர் என்று டெய்லர் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. நியாயமான குற்றச்சாட்டுதான். ஆனால் யோசிக்கும் வேலையைத் தொழிலாளியிடமிருந்து பிடுங்கியவர் அதை முதலாளி பக்கம் வைத்து, உட்கார்ந்து யோசித்தார். நம்மூரில் நடப்பது அதைவிட மோசம். இங்கே பிடுங்கிவிட்டு யாருமே யோசிப்பதில்லை.

வெட்டுவது வேறு, தேய்ப்பது வேறு

இரும்பை வெட்டும் வட்டத் தட்டுகளில் மூன்று குடும்பம் உண்டு. மூன்றையும் ஒரே பெயரில் 'பிளேடு' என்று கூப்பிடுவதில்தான் பாதிக் குழப்பம்.

முதல் குடும்பம், எல்லோருக்கும் தெரிந்த கட்டிங் வீல். இதற்குப் பல்லே கிடையாது. அலுமினியம் ஆக்சைடு மணலை ரெசின் பசையில் குழைத்து, நடுவில் கண்ணாடி நார் வலை வைத்துச் சுட்டெடுத்த தட்டு. இது நாம் நினைக்கிற மாதிரி வெட்டுவதில்லை, தேய்க்கிறது. 14 இஞ்ச் (355 மி.மீ.) வீல் 3,800 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 70 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 250 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கோடிக்கணக்கான மணல் நுனிகள் இரும்பைச் சுரண்டி, சுரண்டிய துகள் பழுக்கக் காய்ந்து எரிகிறது. அதுதான் மத்தாப்பு மாதிரி பறக்கும் பொறி. வீலும் கூடவே கரைகிறது. வெட்டிய இடம் நீலம் பாரித்து, ஓரத்தில் பிசிறு நிற்கும்.

இரண்டாவது, எச்.எஸ்.எஸ். ரம்பம். இது டெய்லர் வம்சம். ரொம்ப மெதுவாகச் சுற்றும். 315 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 40 சுற்று என்றால், விளிம்பு வேகம் நிமிடத்துக்கு வெறும் 40 மீட்டர். (வீல் ஓடுவது நிமிடத்துக்கு 4,200 மீட்டர். நூறு மடங்கு வித்தியாசம்!) கூலண்ட் ஊற்றியபடி பல்பல்லாகச் சீவும். சூடு சீவலோடு கீழே விழுந்துவிடும், வெட்டிய துண்டைக் கையில் எடுக்கலாம். பல் மழுங்கினால் சாணை பிடித்துத் திரும்பத் திரும்பப் போடலாம். 600 டிகிரி வரைக்கும் இதன் கடினம் தாங்கும், அதற்கு மேல் சூடானால் பதம் போய்விடும். இதைக் கொண்டுபோய் வேகமான கட்டிங் மெஷினில் மாட்டினால் அதன் ஆயுள் சில நொடிகள்தான்.

மூன்றாவது, பட்டறை பாஷையில் 'வீடியா' பல் வைத்தது. டங்ஸ்டன் கார்பைடு துண்டுகளைப் பல் நுனியில் பற்றவைத்த பிளேடு. ஜெர்மனியின் குருப் கம்பெனி 1920-களின் கடைசியில் 'விடியா' என்ற பெயரில் இதை விற்க ஆரம்பித்தது. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்பதன் சுருக்கம். நம் வாயில் அது வீடியா ஆகிவிட்டது. இரும்புக்கான 14 இஞ்ச் வீடியா பிளேடு சுமார் 1,300 ஆர்.பி.எம்.மில், கூலண்ட் இல்லாமலே வெட்டும். பொறி குறைவு, பிசிறு குறைவு. ஆனால் பொறுமை கிடையாது. வைஸில் சரியாக இறுக்காத ட்யூப் ஒரு நூல் அசைந்தாலும் பல் தெறித்துவிடும்.

இங்கேதான் ஆபத்து. 14 இஞ்ச் வீலுக்கும் பொதுவாக 25.4 மி.மீ. துளை. 14 இஞ்ச் வீடியா பிளேடுக்கும் பெரும்பாலும் அதே 25.4. மாட்டினால் கச்சிதமாக மாட்டும். ஆனால் வீல் மெஷின் சுற்றுவது 3,800. இரும்பு வெட்டும் வீடியா பிளேடில் அச்சடித்த உச்ச வேகம் பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தொடாது. மாட்டுகிறது என்பதாலேயே ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. பிளேடு மேல் இருக்கும் எண்ணுக்கும் மெஷின் தகட்டில் இருக்கும் எண்ணுக்கும் ஒரு தடவை கண்ணை ஓட்டினால் போதும், ஐந்து நொடி வேலை. அந்த ஐந்து நொடியை ஒதுக்கும் பட்டறைகள் எத்தனை?

பல்லை எண்ணிப் பார்த்தவர் உண்டா?

பல் எண்ணிக்கை அலங்காரம் அல்ல. வெட்டும்போது எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு மூன்று பற்களாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும். மெல்லிய ட்யூபுக்கு அகலப்பல் பிளேடு போட்டால் ஒவ்வொரு பல்லும் அந்தத் தகட்டு விளிம்பில் போய் மாட்டும், இழுக்கும், உடையும். கெட்டி ராடுக்குப் பொடிப்பல் போட்டால் தலைகீழ்க் கதை. சீவல் தங்கப் பல்லிடுக்கில் இடமில்லை. நெரிந்து, சூடேறி, பிளேடு கெடும். மெல்லிசுக்கு நெருக்கப்பல், கெட்டிக்கு அகலப்பல். இவ்வளவுதான் விதி.

அடுத்தது உலோகம். அலுமினியம் மெத்தென்று இருக்கும், சூட்டில் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். இரும்புக்கான வீலில் தேய்த்தால் மணல் இடுக்கெல்லாம் அடைத்து வீல் வெண்ணெய் தடவினதுபோல் வழுக்கும். அதற்கென்று உள்ள, பல் பின்சாய்வாக அமைந்த வீடியா பிளேடும், கொஞ்சம் மெழுகும் வேண்டும். எஸ்.எஸ். வேறு ரகம். தயங்கித் தயங்கித் தேய்த்தால் தேய்த்த இடமே இறுகிக் கெட்டிப்படும், அடுத்த பல் திணறும். ஒரே சீராக அழுத்திக் கொண்டுபோக வேண்டும். சாதா இரும்பு வெட்டிய வீலையே எஸ்.எஸ்.ஸுக்கும் போட்டால் இரும்புத்துகள் அதில் பதிந்து, 'துருப்பிடிக்காத' கைப்பிடி ஆறு மாதத்தில் பழுப்புப் புள்ளி வைக்கும். வீட்டுக்காரர் "எஸ்.எஸ்.ன்னு சொல்லி ஏமாத்திட்டான்" என்பார். ஏமாற்றியது எஸ்.எஸ். அல்ல, வீல்.

ஜி.ஐ. பைப் இன்னொரு கதை. வீல் சூட்டில் வெட்டுவாயின் இருபக்கமும் துத்தநாகப் பூச்சு எரிந்து போகும். பைப் வாங்கியதே அந்தப் பூச்சுக்காகத்தான். மழைக்காலம் முடிந்ததும் துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். எரிந்த துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தவருக்குச் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். மெட்டல் ஃப்யூம் ஃபீவர் என்பது அதன் பெயர். பட்டறையில் அதன் பெயர் 'உடம்பு சரியில்ல, நாளைக்கு லீவு'.

சரி, கணக்குக்கு வருவோம்

அடக்கவிலைக் கணக்கியல் படித்தவர்கள் பேனாவை எடுக்கவும். கீழே உள்ள எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை. அவரவர் பட்டறை எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் முக்கியம்.

வெட்டுபவரின் நாள் கூலி 900 ரூபாய், எட்டு மணி நேரம். நிமிடத்துக்கு 1.88 ரூபாய்.

கட்டிங் வீல்: விலை 150, நூறு வெட்டு தாங்கும் என்று வைப்போம். வெட்டுக்கு 1.50. வெட்ட 20 நொடி, பிசிறு தட்டித் தேய்க்க 40 நொடி, ஆக ஒரு நிமிடம், 1.88. பிசிறு தேய்க்கும் டிஸ்க் செலவு 0.25. மொத்தம் 3.63.

வீடியா பிளேடு: விலை 6,000. புதிதில் 2,500 வெட்டு. இரண்டு முறை சாணைக்கு தலா 1,500, ஒவ்வொரு சாணைக்கும் பிறகு 1,500 வெட்டு. ஆக 9,000 ரூபாய்க்கு 5,500 வெட்டு, வெட்டுக்கு 1.64. வெட்ட 10 நொடி, அரத்தால் ஒரு தடவு தடவ 10 நொடி, 0.63. மொத்தம் 2.27.

வெட்டுக்கு 1.36 ரூபாய் மிச்சம். மெதுவாகச் சுற்றும் மெஷினுக்குக் கூடுதலாக 25,000 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், நாளுக்கு நூறு வெட்டு போடும் பட்டறையில் 184 வேலை நாளில் போட்ட காசு திரும்பிவிடும். நாளுக்குப் பத்தே வெட்டு போடும் பட்டறையில் ஆறு வருடம் ஆகும். அவர் வாங்கக்கூடாது! அவருக்கு நல்ல கட்டிங் வீல்தான் சரியான பதில்.

ஆக, 'விலை உயர்ந்ததை வாங்கு' என்பதல்ல இங்கே வாதம். கடினப்படுத்திய கம்பியை வெட்டவும், சைட்டில் கோணல்மாணலாக நிற்கும் ஒன்றை அறுக்கவும், எப்போதாவது ஒரு வெட்டு போடவும் வீலுக்கு நிகர் இல்லை. 'கணக்குப் போட்டு வாங்கு' என்பதுதான் வாதம். 150-க்கும் 6,000-க்கும் நடுவில் பார்த்தால் வீல் சல்லிசு. 3.63-க்கும் 2.27-க்கும் நடுவில் பார்த்தால் வீல் ஆடம்பரம். பில்லில் தெரிவது முதல் ஜோடி எண் மட்டுமே.

கெட்டிக்கார முதலாளி ஒருவர் இங்கே குறுக்கே வருவார். "தம்பி, அவனுக்கு நாள் கூலி குடுத்தாச்சு. நாப்பது நொடி மிச்சமானா எனக்கு என்ன லாபம்? சும்மாதானே உக்காந்திருப்பான்?" நியாயமான கேள்வி. கூலியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் வீல் 1.75, வீடியா 1.64. பதினொரு காசு வித்தியாசத்துக்கு 25,000 ரூபாய் மெஷின் வாங்கச் சொல்வது பைத்தியக்காரத்தனம். வேலையில்லாமல் ஆள் உட்கார்ந்திருக்கும் பட்டறைக்கு வீல் போதும். ஆனால் "ஆர்டர் முடிக்க முடியல, ஆள் கிடைக்கல" என்று புலம்புகிற அதே முதலாளி இந்த வாதத்தைச் சொல்லக்கூடாது. அவருடைய ஆள் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிசிறு தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஆள் பற்றாக்குறையை ஒவ்வொரு காலையும் ஹார்டுவேர் கடையிலிருந்து விலைகொடுத்து வாங்கி வருவது அவர்தான்.

கணக்கில் விட்டுப்போன வரி

மேலே போட்ட கணக்கில் ஒரு வரி இல்லை என்று கவனித்திருப்பீர்கள். கண், விரல், நுரையீரல். இவை எந்த பில்லிலும் வராது. ஆகவே எந்த முதலாளியின் செலவிலும் வராது. பொருளாதாரப் பாடத்தில் இதற்குப் 'புறவிளைவு' என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் மிச்சம் பிடிக்கும் காசை இன்னொருவர் கட்டுவது என்று அதற்கு அர்த்தம்.

அதன் உச்சக்கட்டம் ஏ.ஜி.ஃபோர் மெஷின். அதான், கையில் பிடிக்கிற நாலு இஞ்ச் கிரைண்டர். இது நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். இதன் மேல் நம்மூரில் நடக்கும் பரிசோதனைகளை டெய்லர் பார்த்திருந்தால் 26 வருடம் போதாது என்று சொல்லியிருப்பார்.

பரிசோதனை ஒன்று: கார்டைக் கழற்றுவது. "கார்டு இருந்தா மூலையில மெஷின் போவாதுண்ணே." சரி, மூலைக்காகக் கழற்றியது. மூலை வேலை முடிந்ததும் திரும்ப மாட்டியது யார்? முதல் நாள் கழற்றிய கார்டு டூல்பாக்ஸ் அடியில் துருப்பிடித்துக் கிடக்கும்.

பரிசோதனை இரண்டு: பெரிய வீல். கார்டு போனதும் இடம் கிடைக்கிறது, ஏழு இஞ்ச் வீல் உள்ளே வருகிறது. 180 மி.மீ. வீலுக்கு அனுமதித்த வேகம் சுமார் 8,500. நாலு இஞ்ச் மெஷின் கொடுப்பது 11,000. வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது ஒன்றே முக்கால் மடங்கு கொஞ்சம் குறைவு. விளிம்பு நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டுகிறது. அந்த வீல் தாங்கும் என்று செய்தவர் உத்தரவாதம் கொடுத்தது 80-க்கு.

பரிசோதனை மூன்று, எல்லாவற்றிலும் கொடுமையானது: மரம் வெட்டும் பல் பிளேடை இதில் மாட்டுவது. அந்த பிளேடு மார்பிள் கட்டர் மாதிரி அடித்தட்டு உள்ள மெஷினுக்காகச் செய்தது. துளை பெரும்பாலும் 20 மி.மீ. நாலு இஞ்ச் கிரைண்டர் வீலுக்குத் துளை 16 மி.மீ. ஆக, ஒரு வாஷரையோ ரிங்கையோ செருகி 'சென்டர்' பார்த்து மாட்டுகிறார்கள். கிரைண்டருக்கு அடித்தட்டு கிடையாது. ஒரு பல் மாட்டினால் மெஷின் முழுசாக எகிறும். எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாது. தொடை, மணிக்கட்டு, கழுத்து. பல மாடல்களில் ஸ்விட்சைத் தள்ளி விட்டால் அப்படியே நிற்கும். கையிலிருந்து விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். இதே பிளேடால் அலுமினியம் செக்‌ஷனும் வெட்டுகிறார்கள், "சூப்பரா போவுதுண்ணே" என்கிறார்கள். ஆமாம், போகிற வரைக்கும் சூப்பராகத்தான் போகும்.

"எங்க ஆளு பத்து வருஷமா இப்படித்தான் வெட்டுறான், ஒண்ணும் ஆகல." இந்த வசனத்தைச் சொல்பவர் கவனிக்காதது ஒன்று. பத்து வருடம் கழித்தும் பட்டறையில் நிற்பவரைத்தான் அவர் எண்ணுகிறார். விரல் போனவர் அந்தப் பட்டறையில் இல்லை. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அல்லது ஊருக்கு. வெற்றி பெற்றவர்களை மட்டும் வைத்துச் சராசரி எடுப்பது தப்பு என்று புள்ளியியல் பேப்பரில் எழுதி மார்க் வாங்குகிறோம், பட்டறை வாசலில் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று, பல பேருக்குத் தெரியாதது. தரமான ரெசின் வீலுக்குக் காலாவதித் தேதி உண்டு! நடுத்துளையைச் சுற்றிய உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருக்கும், செய்ததிலிருந்து மூன்று வருடம். ஈரக்காற்றில் ரெசின் பசை பலம் இழக்கும் என்பதுதான் காரணம். கடலோர ஊரில் சுவரோரமாகச் சாய்த்து வைத்த, மழையில் ஓரம் நனைந்த வீலைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்குவோமா?

சட்டம் எங்கே போனது?

இருந்தது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 30-வது பிரிவில் தெளிவாகச் சொன்னது: கிரைண்டிங் நடக்கும் இடத்தில், ஒவ்வொரு மெஷினிலோ அதன் பக்கத்திலோ, அந்த வீலின் பாதுகாப்பான உச்ச விளிம்பு வேகத்தை நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டும். 35-வது பிரிவு கண் பாதுகாப்பைப் பேசியது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடமென்றால் பத்து பேர் வேலை பார்த்தால்தான் பொதுவாக அது 'தொழிற்சாலை'. மூன்று பேர், ஒரு ஹெல்பர் பையன், ஒரு ஷெட் என்று நடக்கும் கிரில் பட்டறை அந்த வலையில் விழவே இல்லை. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபது ஆக்கியது. சல்லடைக் கண் இன்னும் பெரிதாகிவிட்டது. ஏ.ஜி.ஃபோர் மெஷினுக்கு ஆள் எண்ணிக்கை தெரியாது. இருபது பேர் உள்ள இடத்திலும் மூன்று பேர் உள்ள இடத்திலும் அது 11,000-தான் சுற்றும்.

என்ன செய்யலாம்?

ஒன்று. பிளேடு வாங்கும்போது அதைப் பிடித்து வெட்டுகிறவரும் கடைக்கு வரட்டும். முடியாவிட்டால் ஒரு சீட்டில் நாலே வரி: என்ன உலோகம், எத்தனை மில்லி, மெஷின் ஆர்.பி.எம்., துளை அளவு. இந்தச் சீட்டு இல்லாமல் வீல் கேட்டால், மருந்துக்கடைக்காரர் மாதிரி ஹார்டுவேர் கடைக்காரரும் "என்னத்துக்கு?" என்று திருப்பிக் கேட்கட்டும்.

இரண்டு. பட்டறை பில் புத்தகத்தில் 'கட்டிங் வீல் - 20' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், பக்கத்தில் எத்தனை வெட்டு என்று ஒரு கோடு போட்டு எண்ணி வையுங்கள். ஒரே ஒரு மாதம். எந்த வீல் சல்லிசு என்று அந்தக் கோடுகள் சொல்லும், கடைக்காரர் சொல்ல வேண்டாம்.

மூன்று. கட்டிங் வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள். அது மெலிசாக இருப்பது விளிம்பால் வெட்டத்தான். பக்கவாட்டு அழுத்தத்தில் விரிசல் விட்டு உடையும். தேய்க்கக் கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது. முகக்கவசம், கார்டு, வைஸில் இறுக்குவது, முழு வேகம் வந்த பிறகு வேலையில் வைப்பது, இவற்றை 'பயந்தாங்கொள்ளித்தனம்' என்று கேலி செய்யும் மேஸ்திரியின் கையில் எத்தனை விரல் என்று எண்ணிப் பாருங்கள். பத்தும் இருந்தால் அதிர்ஷ்டசாலி என்று வாழ்த்திவிட்டு நகருங்கள்.

நான்கு. கேட்டும் கிரில்லும் செய்யச் சொல்கிற வீட்டுக்காரர்களுக்கு. சதுர அடிக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறீர்கள். அவர் குறைக்கிறார். எங்கிருந்து குறைக்கிறார் என்று ஒரு தடவை கேளுங்கள். கம்பி விலையைக் குறைக்க முடியாது, கரண்டு பில்லைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது வீலும், கண்ணாடியும், கையுறையும், ஹெல்பர் பையனின் கூலியும்தான்.

ஐந்து, காமர்ஸ் மக்களுக்கு. நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் உட்காரப் போவது நாம்தான். மூன்று கொட்டேஷன் வாங்கி, மிகக் குறைந்ததை வட்டம் போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, "கம்பெனிக்கு இவ்வளவு மிச்சம்" என்று ரிப்போர்ட் எழுதப் போவதும் நாம்தான். அந்த ரிப்போர்ட்டில் 'அலகு' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே 'ஒரு பிளேடு' என்று எழுதுவதா, 'ஒரு வெட்டு' என்று எழுதுவதா என்பது நம் கையில் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பும் பேனா மெஷினிலிருந்து ரொம்ப தூரத்தில் ஏ.சி. அறையில் இருக்கும், பொறி அங்கே தெறிக்காது. அதனால்தான் கவனம் அதிகம் வேண்டும்.

பி.கு.: பக்கத்துத் தெருவில் கிரில் பட்டறை இருந்தால், இதைப் படித்துவிட்டு அங்கே போய் வெட்டிக்கொண்டிருப்பவருக்குப் பாடம் நடத்த வேண்டாம். அவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். வாங்குகிற இடத்தில் அவருக்குக் குரல் இல்லை, அவ்வளவுதான். முதலாளியைத் தனியாகப் பிடித்து, பில் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள் :-)